பயிற்சி முடிந்தது, வேலை எங்கே?



நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பல தோட்டங்களில் அந்தச் செம்பனையையும் வீழ்த்தி வீடுகளும் கோல்ப் திடல்களும் எழுப்பினார்கள். லயத்தை விட்டுப் பட்டணத்தோரம் ஒதுங்கிய குடும்பத்துப் பிள்ளைக்கு நிலமும் இல்லை, முதலும் இல்லை. கையில் ஒரு தொழில் இருந்தால்தான் அவன் நிமிர முடியும். ஆகவே பயிற்சியை நாம் எதிர்க்கவில்லை. பயிற்சி என்ற பெயரால் நடக்கும் வேடிக்கையைத்தான் எதிர்க்கிறோம்.

அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. கம்பெனி இடம் கொடுக்கிறது. பயிற்சி நிலையம் ஆள் சேர்க்கிறது. மூவரும் கைகோத்தால் அதற்குக் கூட்டு முயற்சி என்று பெயர். மாலை விழுகிறது, படம் பிடிக்கிறார்கள், பேச்சு நடக்கிறது. மூன்று கூட்டாளிகளும் மேடையில் இருக்கிறார்கள். யாருக்காக இத்தனையுமோ அந்தப் பையன் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறான்? பட்டறையில் இருக்கிறானா, அல்லது பேரங்காடியில் பெட்டி தூக்குகிறானா? கேட்பார் இல்லை!

கிராணி வேலை பார்க்கும் நமக்குக் கணக்கு தெரியும். காலைப் பிரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதிவிட்டு எந்தத் துரையிடமாவது ஏட்டை நீட்ட முடியுமா? ஸ்டோருக்கு எவ்வளவு பால் வந்தது என்றல்லவா கேட்பார்! வெட்டுக்காரனிடம் எடை பார்த்துக் கூலி கொடுத்தவர்கள், பயிற்சிக் கணக்கில் மட்டும் தலையை எண்ணி ஏட்டை மூடுகிறார்கள். சேர்ந்தவர் தொகை பெரிய எழுத்தில் வருகிறது. வேலை பெற்றவர் தொகை எந்த எழுத்திலும் வருவதில்லை.

இது புதிய பழக்கம் அல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டம் பள்ளி கேட்டது. எத்தனையோ தோட்டங்கள் கொட்டகை கொடுத்தன. ஏட்டில் பள்ளி இருந்தது. படித்து முடித்தவன் கையில் மறுபடியும் உளிதான் இருந்தது. அன்று பள்ளிக்கு நேர்ந்த கதி இன்று பயிற்சிக்கும் நேர வேண்டுமா?

“பணம் இல்லை” என்பார்கள். அது உண்மையல்ல. 2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு நிதிச் சட்டத்தின்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளி, சம்பளத் தொகையில் நூற்றுக்கு 1 வீதம் செலுத்த வேண்டும். அதைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 2021 மார்ச்சு முதல் வேளாண்மைத் துறையும் இதற்குள் வந்துவிட்டது. அந்தப் பணம் யாருக்கு? ஊழியர்களோடு, தொழில் பழகுவோருக்கும் பயிற்சி பெறுவோருக்கும் என்று சட்டத்தின் தலைப்பே சொல்கிறது. நம் உழைப்பின் அளவை வைத்துக் கணக்கிட்ட பணம், அலுவலக அதிகாரிகள் குளிர் அறையில் உட்கார்ந்து கேட்கும் சொற்பொழிவுகளோடு தீர்ந்துவிடலாமா? தோட்டத்துப் பிள்ளை வெல்டிங் பழகவும் மின்கம்பி இணைக்கவும் அதில் பங்கு கேட்பது பிச்சையா?

வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனி நாட்டு முறையைப் பின்பற்றி 2005இல் இரட்டைப் பயிற்சித் திட்டம் இங்கே தொடங்கியது. பயிற்சி நேரத்தில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு தொழிற்சாலையில். மீதி பயிற்சி நிலையத்தில். முடிவில் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ். அந்தத் தாள் எந்தப் பட்டறை வாசலிலும் பேசும். ஒரு நிலையம் தானே அச்சடித்துக் கொடுக்கும் வண்ணத்தாள் வீட்டுச் சுவரில் தொங்குவதற்குத்தான் ஆகும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்வதில்லை. நல்ல திட்டத்தையும் கெடுக்கலாம்: பழக வந்தவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, மலிவுக் கூலியாக வைத்துக்கொண்டால் அதுவும் கெட்டது.

“உங்கள் பையன்கள் பாதியில் ஓடிவிடுகிறார்கள்” என்பது அடுத்த பல்லவி. ஏன் ஓடுகிறான்? தோட்டத்திலிருந்து பயிற்சி நிலையத்துக்குப் பஸ் உண்டா? தங்க இடம் உண்டா? தகப்பன் சம்பளத்தில் அரிசி வாங்குவதா, பையனுக்குப் பயணக்காசு கொடுப்பதா? வயிற்றைக் கேட்காமல் ஒழுக்கத்தைக் குறை சொல்வது வசதியானவர்களின் வழக்கம்.

ஆகவே நாம் கேட்பவை இவை:

1. எந்தக் கூட்டுத் திட்டமும், பயிற்சி முடிந்து ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளம் என்று வெளியிட வேண்டும்.

2. பயிற்சிக்கு முன்பே ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அது பையனும் பெற்றோரும் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும்.

3. முடிவில் அரசாங்கம் ஏற்கும் திறன் சான்றிதழ் கிடைக்க வேண்டும்.

4. பயணச் செலவும், தங்கும் இடமும், பயிற்சிப்படியும் திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

5. முதலாளியும் அதிகாரியும் உட்காரும் மேசையில் தொழிற்சங்கத்துக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். “படிப்பு வராதவன்தான் கைத்தொழிலுக்குப் போவான்” என்ற பேச்சை விடுங்கள். உலகமே கைத்தொழிலாளியின் தோளில்தான் நிற்கிறது. பெண்பிள்ளைகளையும் வீட்டில் நிறுத்தாதீர்கள். ஆனால் யார் தாள் நீட்டினாலும் கையொப்பம் இடாதீர்கள். என்ன சான்றிதழ், எந்தக் கம்பெனி, எத்தனை மாதம், முடிந்தபின் என்ன வேலை என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தாளைக் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம்.

ஒருவன் கேட்டால் அது முணுமுணுப்பு. சங்கம் கேட்டால் அது கோரிக்கை!