கால்வாய்க் கரையைச் சைக்கிளுக்குத் திறந்துவிடுங்கள்

சென்னையை அடுத்த ஒரகடத்தில் கார் தயாராகிறது, லாரி தயாராகிறது, மோட்டார் சைக்கிளும் டயரும் தயாராகின்றன. வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே மத்திய அரசு அமைத்த சோதனைத் தடமும் அங்கே இருக்கிறது. ஆனால் விடுதியில் தங்கி ஷிப்டு வேலை பார்க்கும் ஓர் இளைஞர், வார விடுமுறையோடு இரண்டு நாள் லீவைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் வெளியே போக ஆசைப்பட்டால், அவருக்கு இருப்பது டிரெய்லர் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையின் ஓரம் மட்டும்தான். இதற்கு மாற்றுவழி கிட்டத்தட்ட தயாராகவே இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கு இணைப்புக் கால்வாய் வருகிறது. ஊத்துக்கோட்டை அருகே தாமரைக்குப்பத்தில், ஆந்திர எல்லையின் ‘ஜீரோ பாயிண்ட்’டிலிருந்து பூண்டிக்கு 25 கிலோமீட்டர் கிருஷ்ணா கால்வாய் வருகிறது. இரண்டும் அரசு நிலம். இந்தக் கரைகளைச் சைக்கிள் பாதையாக அறிவித்து, கூடாரம் போட்டு இரவு தங்குவதற்குச் சில இடங்களையும் நீர்வளத் துறை ஒதுக்க வேண்டும்.

பல நாள் சைக்கிள் பயணத்துக்குத் திட்டமிடுபவர் முதலில் பார்ப்பது மேடு பள்ளம், தண்ணீர், வெயில், இரவுத் தங்கல் ஆகிய நான்கையும்தான். கால்வாய் என்பது தண்ணீர் தானாக ஓடுவதற்காக வாட்டம் பார்த்து வெட்டியது. அதனால் கரையில் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். தமிழக அரசு ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அப்படிப்பட்ட சைக்கிளைத்தான் கொடுக்கிறது. பள்ளி முடிந்ததும் அவற்றில் பல, வீட்டுத் திண்ணையோரம் துருப்பிடிக்கின்றன. பருவத்தைப் பார்த்தால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியும் பிப்ரவரியும் தோது. 1983-ல் ஆந்திரத்தோடு செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தண்ணீர் எல்லைக்கு வர வேண்டும். அதில் 4 டி.எம்.சி. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான தவணை. முறையாகத் திறந்துவிட்டால், குளிர் குறையாத நாட்களில் நிறைந்தோடும் நீரை ஒட்டியே போகலாம். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர், பூண்டி, ஊத்துக்கோட்டை என்று போனால் ஒரு பக்கம் நூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். சாமான் ஏற்றிய சைக்கிளில் மண் கரையில் நாளுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்தாலும் போய்வர நாலு நாள். பூண்டியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் தகும். நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றோரம் இருக்கும் அத்திரம்பாக்கத்தில்தான் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவு அருகில் இருந்தும் தொழிற்சாலைப் பகுதி மக்களில் எத்தனை பேருக்கு அந்த இடம் தெரியும்?

சென்னையின் குடிநீர் ஓடும் கால்வாயில் ஆட்களை விடலாமா என்பதுதான் இதற்கு வரும் வலுவான ஆட்சேபம். ஆனால் கரை இன்றும் ஆளில்லாமல் இல்லை. ஆடு மாடு மேய்கிறது, இருசக்கர வண்டி ஓடுகிறது, பல இடங்களில் மோட்டார் வைத்துத் தண்ணீர் உறிஞ்சுவதாகப் புகார் வருகிறது. யாரும் கேட்காத கரையில்தான் குப்பை விழும். பொறுப்புள்ளவர்கள் தினமும் நடமாடும் கரையில் உடைப்பும் திருட்டும் முதல் நாளே கண்ணில் படும். பிரிட்டனின் லாங்கோலென் கால்வாய், டீ ஆற்றின் நீரை ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகிறது, அது குடிநீராகிறது. அதே கால்வாயில் படகு ஓடுகிறது, கரையில் மக்கள் நடக்கிறார்கள். நீரைச் சுத்திகரித்துத்தான் குழாயில் விடுகிறார்கள். நாமும் அப்படித்தான் செய்கிறோம்.

நீரில் விழுந்து இறப்பது பற்றிய அச்சத்தை அப்படி எளிதாகத் தள்ள முடியாது. கான்கிரீட் பூசிய கால்வாயின் சரிவில், நீர்மட்டத்தை ஒட்டிப் பாசி பிடித்திருக்கும். இறங்கியவர் கால் வழுக்கினால் பிடித்து ஏற ஒரு விளிம்புகூடக் கிடைக்காது. நீச்சல் தெரிந்தவரையும் ஓட்டம் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகப் படிக்கட்டும், கால்வாயின் குறுக்கே பிடிகயிறும் வேண்டும். தங்குமிடம் நீரோரத்தில் இல்லாமல், கரைக்கு வெளிப்புறச் சரிவைத் தாண்டி, ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்கும் ஊருக்கு அருகில் என்பதே சரியான விடை. ஸ்ரீபெரும்புதூரின் கைபேசித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். ஆபத்து என்று சொல்லி அவர்களை வீட்டில் நிறுத்தியிருந்தால் அந்த மாவட்டம் எதை இழந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

கூடாரம் போட்டுத் தங்குவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பாரும் உண்டு. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நாள்கணக்கில் வழியிலேயே படுத்து எழுந்து போகிறார்கள். தை அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு வருகிற கூட்டம் முதல் நாள் இரவே வந்து குளக்கரையில் துண்டை விரித்துப் படுக்கிறது. வழியில் தங்கிப் போகும் பழக்கம் நம்மிடம் எளியவர்களுடையது. அவர்களுக்கு வேண்டியது சமதரை, அடி பம்பு, கழிப்பறை, நிழலுக்கு நாலு புங்க மரம்.

அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை போகும் செசபீக்–ஒஹையோ கால்வாயின் கரை, கோவேறு கழுதைகள் படகிழுத்து நடந்த பாதை. படகுகள் நின்றுபோன பிறகு அதன்மேல் மோட்டார் சாலை போடத் திட்டம் வந்தது. 1954-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், அந்தத் திட்டத்தை ஆதரித்துத் தலையங்கம் எழுதிய பத்திரிகை ஆசிரியர்களைத் தன்னோடு நடக்க அழைத்து, சுமார் 300 கிலோமீட்டரையும் நடந்து முடித்தார். சாலை கைவிடப்பட்டது, 1971-ல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இன்று சைக்கிளில் போகிறவர்கள் தங்க, சில கிலோமீட்டருக்கு ஓரிடம் என்று கரையோரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கரையை மக்கள் பயன்படுத்தினால்தான் அதைக் காக்கவும் ஆள் வரும்; ஒரகடத்தைச் சுற்றி நிலத்தின் விலை ஏறுகிற வேகத்தில், கால்வாய்க் கரைக்கு அப்படிப்பட்ட ஆட்கள் அவசரமாகத் தேவை.

முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டியதில்லை. திருவள்ளூருக்கும் பூண்டிக்கும் இடையிலான பகுதியை ஜனவரி முதல் மார்ச் வரை திறக்கலாம். ஒரே ஒரு தங்குமிடம், அதைப் பார்த்துக்கொள்ள ஊராட்சியின் மகளிர் சுயஉதவிக் குழு, காலையில் இட்லியும் இரவில் சாப்பாடும் அவர்களிடமே விலைக்கு. கரையில் மோட்டார் வண்டிக்குத் தடை. மழைக்காலத்தில் முழுவதுமாக மூடல். நீர்வளத் துறையின் அனுமதியும் மாவட்ட ஆட்சியரின் உத்தரவும் இருந்தால், வரும் பொங்கல் விடுமுறைக்கே முதல் சைக்கிள்கள் கிளம்பலாம்.