உடம்புக்குள் வைத்த வலைக்குக் கணக்கு எங்கே?

தூத்துக்குடி உப்பளங்களில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். முத்தையாபுரம், முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று கடலோரம் நெடுகச் சுமார் 25,000 ஏக்கரில் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. வாரிய உப்பை வெயில் ஏறுவதற்குள் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் சேர்ப்பதில் பெண்களின் பங்கு பெரிது. ஈர உப்பு கனம் மிகுந்தது. பல அளங்களில் கழிப்பறை கிடையாது என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்தில், பிள்ளை பெற்றவள் நீண்ட நாள் ஓய்வெடுக்கவும் வழியில்லை.

உப்பு கண்ணைக் கெடுப்பதும் காலை அரிப்பதும் வெளியில் தெரிந்த சங்கதிகள். தெரியாத வாதை ஒன்று உண்டு. “அடி இறங்கிடுச்சு” என்று பெண்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் கர்ப்பப்பை இறக்கம் அது. அடுத்தடுத்த பிரசவங்கள், பிரசவமான சூட்டோடு சுமை தூக்குவது, ஓயாத இருமல், மாதவிடாய் நின்றபின் தசைகள் தளர்வது எல்லாம் சேர்ந்து கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழே இறக்கிவிடுகின்றன. தும்மினால் சிறுநீர் கசியும். உட்கார்ந்து எழுந்தால் ஏதோ வெளியே வருவதுபோல் இருக்கும். செங்கல்பட்டுப் பகுதியில் 1981 முதல் இயங்கும் ‘ருவ்செக்’ பெண்கள் அமைப்புடன் சேர்ந்து டி.கே.சுந்தரி ரவீந்திரன் 1990களில் இந்தப் பிரச்சினையை ஆராய்ந்தார். பெண்கள் பல ஆண்டுகள் இதை யாரிடமும் சொல்லாமல், பாரமும் சுமந்துகொண்டே வாழ்ந்ததை அந்த ஆய்வு பதிவுசெய்தது.

இதே பிரச்சினையோடு மருத்துவமனைக்குப் போன மேற்கத்தியப் பெண்களுக்கு 1990களின் இறுதியிலிருந்து ஒரு புதிய தீர்வு சொல்லப்பட்டது. பாலிபுரொப்பிலீன் வலை. உப்பை அடைத்து அனுப்பும் வெள்ளைச் சாக்கு நெய்யப்படுவதும் இதே வகைப் பிளாஸ்டிக்கில்தான். மருத்துவத் தரத்தில் செய்த வலைத் துண்டை யோனி வழியே உள்ளே வைத்து, இறங்கிய உறுப்பைத் தாங்கச் செய்வார்கள். சின்ன அறுவை, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்றார்கள். பலருக்கு நிவாரணம் கிடைத்தது உண்மை. ஆனால் வேறு பலருக்கு வலை சுருங்கியது. யோனிச் சுவரையும் சிறுநீர்ப்பையையும் அரித்துக்கொண்டு வெளியே வந்தது. நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார முடியாத வலி, தொடையில் கத்தி செருகியதுபோன்ற குத்தல், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று, தாம்பத்தியமே முறிந்துபோன துயரம். வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பிணைந்துவிடுவதால் அதைத் திரும்ப எடுப்பதும் கடினம். துண்டு துண்டாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் வலி தீரும் என்ற உத்தரவாதம் இல்லை.

இவ்வளவு ஆபத்தான பொருள் சந்தைக்கு எப்படி வந்தது? அமெரிக்காவில் ‘புரோட்டிஜென்’ என்ற பட்டை 1996இல் அனுமதி பெற்று, 1999இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் ‘ஏற்கெனவே அனுமதி பெற்ற பொருளைப் போன்றதுதான்’ என்று காட்டினால் போதும் என்ற அந்நாட்டு விதியின் வழியே, அதை முன்மாதிரியாகக் காட்டிய அடுத்தடுத்த பொருட்கள் உள்ளே வந்துவிட்டன. புதிதாகப் பெண்களிடம் நீண்டகாலச் சோதனை நடத்த வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் இந்தப் பாதிப்புகளை ‘அரிதானவை’ என்றது. 2011இல் ‘அரிதானவை அல்ல’ என்று மாற்றிச் சொன்னது. கர்ப்பப்பை இறக்கத்துக்காக யோனி வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது 2019 ஏப்ரலில்தான்.

உண்மையை வெளிக்கொண்டுவந்தவர்கள் பாதிக்கப்பட்ட பெண்களே. ஸ்காட்லாந்தில் எலைன் ஹோம்ஸ், ஆலிவ் மெக்கில்ராய் என்ற இருவர் 2014இல் நாடாளுமன்றத்தில் மனு கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெண்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்துக்கு எதிராக 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2022இல் 30 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு, பாதிக்கப்பட்ட பெண்கள், குடும்பத்தினர் என 700 பேருக்கு மேல் கேட்டறிந்து, 2020 ஜூலையில் அறிக்கை தந்தது. வலியைச் சொன்ன பெண்களிடம் ‘எல்லாம் மனப்பிரமை’, ‘இந்த வயதில் இப்படித்தான்’ என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்பியதை அது அம்பலப்படுத்தியது. எத்தனை பெண்களுக்கு வலை வைக்கப்பட்டது என்ற முழுக் கணக்கு அரசிடமே இல்லை என்பதையும் சொன்னது.

எல்லாருக்கும் இலவச மருத்துவமும் முறையான ஆவணங்களும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், இங்கே என்ன நடக்கும்? இந்தியாவுக்கு அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் ‘ஏ.எஸ்.ஆர்.’ செயற்கை இடுப்பு மூட்டு 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. 2018இல் இழப்பீடு பற்றிப் பேச்சு எழுந்தபோது பெரும்பாலான நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. பெருநகரத் தனியார் மருத்துவமனையில் பல லட்சம் செலவழித்தவர்களுக்கே அந்தக் கதி.

மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைக் கண்காணிக்க ‘மெட்டீரியோவிஜிலன்ஸ்’ திட்டம் 2015 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. நோயாளியே புகார் செய்யலாம். ஆனால் தன் உடம்புக்குள் என்ன வைத்தார்கள் என்று தெரியாத பெண் எதைப் பற்றிப் புகார் செய்வாள்? ‘ஆபரேஷன் பண்ணி ஏத்திக் கட்டியிருக்கு’ என்பதோடு அவளுக்குக் கிடைக்கும் தகவல் முடிந்துவிடுகிறது.

வலை அத்தனையும் கெடுதல் என்று ஒரேயடியாகச் சொல்வது நியாயமல்ல. வயிற்றின் வழியே வைக்கும் வலையும் சிறுநீர்க் கசிவுக்கான பட்டையும் பல நாடுகளில் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவை தேவைப்படும் பெண்களும் இருக்கிறார்கள். முதல் அறுவையிலேயே யோனி வழி வலை தேவையா என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் 1,300க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘புராஸ்பெக்ட்’ ஆய்வு, முதல் இரண்டு ஆண்டுகளில் சாதாரணத் தையலைவிட வலையால் கூடுதல் பலன் இல்லை என்றும், வலை வைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலை தொடர்பான சிக்கல் வந்தது என்றும் காட்டியது.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவதும் எல்லாருக்குமான பதில் அல்ல. அதற்குப் பின்னும் யோனியின் மேல்பகுதி இறங்கலாம். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களில் அமல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆரம்ப நிலை இறக்கத்துக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும், முற்றியதற்கு யோனிக்குள் வைத்துத் தாங்கச் செய்யும் பெசரி வளையமும் பல பெண்களுக்குப் போதும். இரண்டுக்கும் கத்தி வேண்டாம்.

தமிழகத்தில் இதற்கான வசதி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் அதே வருகையில், பெண் ஊழியர் தனியாக உட்கார்ந்து அடி இறக்கம் பற்றி இரண்டு கேள்வி கேட்கலாம், பயிற்சியும் சொல்லித்தரலாம். மழைக்காலத்தில் உப்பு உற்பத்தி நிற்கும் மாதங்களுக்கு அரசு ரூ.5,000 நிவாரணம் தருகிறது. அதற்கான பட்டியல் கையில் இருப்பதால் அந்த மாதங்களிலேயே உப்பளத் தொழிலாளர்களுக்கு மகளிர் நோய் முகாம்களை நடத்தலாம். சிகிச்சைக்குப் பிறகு சுமை தூக்காமல் இருக்க அவர்களுக்கு வாய்க்கும் காலமும் அதுதான். கழிப்பறையும் சுமை குறைக்கும் தள்ளுவண்டியும் அளத்து உரிமையாளர்கள் செய்தே ஆக வேண்டியவை.

அடுத்தது, கணக்கு. உடம்புக்குள் வைக்கும் பொருட்களின் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இன்னொன்றை மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஒட்டுவதை அரசு, தனியார் என்ற பேதமின்றிக் கட்டாயமாக்க வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் லாட் எண் பதிவான பிறகே பணம் விடுவிக்கப்படும் என்று விதி செய்தால், மருத்துவமனைகள் மறுநாளே பழகிக்கொள்ளும். என்ன வைக்கப்போகிறார்கள், வைக்காவிட்டால் வேறு என்ன வழி என்பதை ஒப்புதல் படிவம் தமிழில் சொல்ல வேண்டும். மாவட்டம் முழுவதற்குமான பதிவேட்டைத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவில் வைக்கலாம். ஏற்கெனவே வலை வைக்கப்பட்டு வலியோடு இருப்பவர்கள் வாரத்தில் ஒருநாள் அங்கே வந்து சொல்லலாம். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு மெட்டீரியோவிஜிலன்ஸ் மையத்துக்கு அனுப்பும் பொறுப்பு ஒரு மருத்துவரின் பெயரில் இருக்க வேண்டும்.