கோடிக்கரைக்கு ஏற்ற காலம்

கடற்கரை உலாவெனின் நம் மாணவர் கோடை விடுமுறையையே நாடுகின்றனர். வேதாரணியத்தையடுத்த கோடிக்கரைக்கு அஃது ஏலாது என்பது என் துணிபு. யானும் ஒருகாற் சித்திரையிற் சென்று வியர்வையோடு மீண்டவனே! 1967-இல் சரணாலயமாகிய அவ்விடத்தின் சிறப்பு அலையும் மணலும் மட்டுமன்று. புல்வெளியில் வெளிமான்கள் துள்ளும். உப்பளத்தையடுத்த சேற்று நீரிற் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் நிற்கும். அப்பறவைகளோ பெரும்பாலும் பனிக்காலத்து விருந்தினர். ஐப்பசி கார்த்திகையிற் புயலச்சமுண்டு. 2018 நவம்பரிற் கஜாப் புயல் அக்காட்டு மரங்களை முறித்தெறிந்ததன்றோ? ஆதலின் தை மாதமே தக்கது. பொங்கல் விடுமுறை சின்னாளே என்பீராயின், நண்பர்காள், அதுவே போதும். இராக்காலத்தில் விளக்கேந்திக் கரையில் ஆரவாரஞ் செய்வாரை மட்டும் உடன்கொண்டு செல்லற்க. முட்டையிட வரும் பங்குனியாமைகள் ஒளிகண்டு வெருண்டு கடலுக்கே திரும்பிவிடும்.