வாசலில் ஒரு கொடி



தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட மடல் எனக்குக் கிடைத்தது. குடும்பத்தில் நடந்த ஒன்றை ஒளிவு மறைவின்றி எழுதி, இறுதியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவருக்குத் தனியே மறுமொழி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அதே கேள்வி நம் இல்லங்கள் பலவற்றில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடப்பதால், அவருடைய இசைவு பெற்று, பெயரையும் ஊரையும் விலக்கி, இங்கே எழுதுகிறேன்.

சுதந்திர தினத்தையொட்டி அவர் வீதியில் வீட்டுக்கு வீடு மூவண்ணக் கொடி ஏறியது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன் ஓடி வந்து, "நம் வீட்டுக் கொடிதான் தெருவிலேயே பெரிதாக இருக்க வேண்டும் அம்மா, நம் வீட்டில் இல்லாவிட்டால்தான் எல்லாரும் பார்ப்பார்கள்" என்றானாம். தந்தையோ, "தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே அடக்கமாகிறோம். யாருக்கு எதை மெய்ப்பிக்க வேண்டும்? கொடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்று சினந்துவிட்டார். இருவருக்கும் நடுவே நின்ற தாய், ஒரு கொடியை வாங்கித் தம் கையாலேயே வாசலில் கட்டினார். அதோடு முடிந்திருந்தால் மடல் வந்திராது.

சில நாள் கழித்து, தான் இராணுவத்தில் சேரப் போவதாக மகன் சொல்லியிருக்கிறான். தாய்க்கு அச்சம் இருந்தாலும் பெருமையும் இருந்தது. ஏனெனில் அவருடைய தந்தையார் மதராஸ் ரெஜிமெண்டில் பதினேழாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். "ஏன் கண்ணே இந்த எண்ணம்?" என்று கேட்டதற்கு மகன் சொன்ன விடைதான் அவருடைய உறக்கத்தைப் பறித்துவிட்டது. "நான் சேர்ந்துவிட்டால், அப்புறம் யாரும் நம்மைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க முடியாது அல்லவா?"

போ என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா? இதுதான் அச்சகோதரியின் கேள்வி.

முதலில் கொடியைப் பற்றிச் சிறிது பேசுவோம். தந்தையின் சினத்தை நான் உணர்கிறேன். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. 1947 ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை இந்தக் கொடியை ஏற்றுக்கொண்டபோது, அசாமைச் சேர்ந்த சர் முஹம்மது சாதுல்லா போன்றோரும் எழுந்து ஆதரித்துப் பேசினார்கள். பின்னாளில் யாரோ மனமிரங்கி நமக்கு இரவல் கொடுத்த துணி அன்று இது. பிறர் ஐயத்தோடு பார்க்கிறார்கள் என்பதற்காக ஒருவர் தம் வீட்டுப் பத்திரத்தைத் தாமே தூக்கி எறிவாரா? மனக்கசப்பினால் கொடியை விலக்குவது, நம் உடைமையை நாமே பிறருக்கு எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கொடியை வீட்டில் ஏற்றுவது வெகுகாலம் வரை எல்லா நாளும் எல்லாருக்கும் அனுமதிக்கப்பட்டதன்று என்பதையும் இளைய தலைமுறை அறியாது. குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே குடிமக்கள் ஏற்றலாம் என்றிருந்தது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடிச் சட்டத் தொகுப்புதான் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. மரியாதையோடு கொடியை ஏற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமையைச் சார்ந்தது என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. உரிமை என்றுதான் சொன்னது. கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆகவே, ஏற்றாத வீட்டைக் கணக்கெடுத்துத் திரிகிறவருக்கும் சட்டத்தில் இடமில்லை.

இனி மகனின் பேச்சுக்கு வருவோம். தெருவிலேயே பெரிய கொடி! இதைப் படித்தபோது எனக்குச் சட்டென நினைவுக்கு வந்த சொல் முகஸ்துதி. பிறர் காணத் தொழுபவனின் தொழுகையும், பிறர் புகழத் தருமம் செய்பவனின் தருமமும் எந்நிலை அடையும் என்பதை மதரஸாவின் முதல் வகுப்பிலேயே நம் பிள்ளைகள் கற்றுவிடுகிறார்கள். வணக்கத்துக்கே அந்த நிலை என்றால் நாட்டுப்பற்றுக்கு மட்டும் விதிவிலக்கா? ஆனால் அந்தச் சிறுவனை நான் குறை கூற மாட்டேன். பெருமைக்காக அவன் பெரிய கொடி கேட்கவில்லை, அச்சத்தால் கேட்டான். பதினேழு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் அந்த அச்சத்தை விதைத்தவர்கள் வெட்கப்பட வேண்டும்.

இவ்வேளையில் அவர்கள் மாவட்டத்திலேயே உள்ள பாப்பாரப்பட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பென்னாகரம் வட்டத்திலுள்ள அவ்வூரில்தான் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று, நாற்பது வயதில் உயிர் நீத்தார். 1908இல் வ.உ.சிதம்பரனாரோடு சிறை சென்றவர், தொழுநோயோடு வெளிவந்தவர். நோயைக் காரணம் காட்டி அவர் இரயிலில் பயணம் செய்யக் கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. அவர் ஓய்ந்தாரா? நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கனவு. 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அதற்கு அடிக்கல்லும் நாட்டினார். கட்டி முடிக்க ஆயுள் இடம் தரவில்லை. அல்லாஹ்வையன்றி எதனையும் வணங்காத நமக்கு அந்த வழிபாட்டில் பங்கில்லை. ஆனால் அழுகிய விரல்களோடு நடந்த அம்மனிதரின் தியாகத்தில் நமக்கும் பங்குண்டு; அதனை யாரும் மறுக்க இயலாது.

பிற்காலத்தில் தமிழக அரசு அங்கே ஒரு நினைவாலயம் எழுப்பியது. 2022 ஆகஸ்டில், சுதந்திரப் பவள விழாவின்போது, ஒரு கட்சியினர் அதன் பூட்டை உடைத்து உள்ளே சென்றார்கள். வழக்கு, கைது என்று செய்தியாயிற்று. யார் பக்கம் நியாயம் என்று நான் ஆராயப் போவதில்லை. சிவாவின் மண்ணில், அவர் கனவின் வாயிலில், நாட்டுப்பற்றின் பெயரால் ஒரு பூட்டு உடைந்தது என்பதைப் படித்த அன்று மனம் கனத்தது.

சரி, இராணுவத்துக்கு வருவோம். நம் இல்லங்களில் அப்துல் ஹமீதின் பெயரை அறியாதவர் குறைவு. உத்தரப் பிரதேசத்துக் காஜிப்பூர் மாவட்டத்தில் ஒரு தையற்காரரின் மகன். தாமும் தந்தைக்குத் துணையாகத் தையல் வேலை பார்த்தவர். 1954இல் படையில் சேர்ந்தார். 1965 செப்டம்பர் 10 அன்று, பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், டாங்கி எதிர்ப்புப் பீரங்கி பொருத்திய ஒரு ஜீப்பில் நின்று, பாய்ந்து வந்த டாங்கிகள் பலவற்றைத் தகர்த்து வீரமரணம் எய்தினார். 1966 குடியரசு தினத்தன்று அவருடைய துணைவியார் ரசூலன் பீவி, குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் கரத்தால் பரம் வீர் சக்ரா விருதைப் பெற்றுக்கொண்டார். அதன்பின் 2019இல் காலமாகும் வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அம்மையார் கைம்பெண்ணாய் வாழ்ந்தார். மேடைகளில் ஹமீதின் பெயரை முழங்குகிற நாம் அந்த அரை நூற்றாண்டை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

பிரிகேடியர் முஹம்மது உஸ்மானின் வரலாறு இன்னும் சிந்திக்கத் தக்கது. பிரிவினையின்போது, உயர்ந்த எதிர்காலம் காத்திருக்கிறது என்று பாகிஸ்தான் படைக்கு அழைக்கப்பட்டும் செல்லாமல் இந்தியாவிலேயே தங்கியவர். காஷ்மீரில் ஜாங்கர் என்னும் இடம் கைநழுவிப் போனபோது, அதை மீட்கும் வரை கட்டிலில் படுக்க மாட்டேன் என்று கடுங்குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். 1948 மார்ச்சில் மீட்டார். அதே ஆண்டு ஜூலை 3 அன்று அங்கேயே எறிகுண்டு வீழ்ந்து ஷஹீதானார். டில்லி ஜாமியா மில்லியா வளாகத்தருகே நடந்த நல்லடக்கத்தில் பிரதமர் நேரு நேரில் கலந்துகொண்டார். மணம் செய்துகொள்ளாத அவர், தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கே கொடுத்து வந்தார். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய கல்லறை சிதைந்து கிடப்பதாகச் செய்தி வந்து, இராணுவம் தலையிட்டுச் செப்பனிட வேண்டியதாயிற்று என்பது வேறு கதை.

1962இல் சீனப் போர் மூண்டபோது கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்ப முன்வந்ததாக நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் அதைச் சான்றிதழ் வாங்குவதற்காகவா செய்தார்? ஹமீது, "இனி யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது" என்று எண்ணிக்கொண்டா ஜீப்பில் ஏறினார்? எதிரே டாங்கிகள் வரும்போது அண்டைவீட்டாரின் வாயை நினைக்க நேரம் ஏது?

சகோதரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகன் சேவைக்காகப் போக விரும்பினால் துஆச் செய்து அனுப்புங்கள். நம் அனைவருக்கும் சாட்சி சொல்வதற்காகப் போக விரும்பினால், சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். சமுதாயம் முழுவதன் பழியைத் துடைக்கும் சுமையை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றுவது நியாயமில்லை. அப்படி ஏற்றினாலும், வாய்கள் மூடிக்கொள்ளும் என்பதற்கு உறுதி ஏது? பேச வேண்டும் என்றிருப்பவன், ஹமீதும் உஸ்மானும் இருந்தபின்பும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். மகன் சீருடை அணிந்த பிறகும் தெருவில் எவனாவது அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டால், அப்பொழுது அவன் உள்ளம் என்ன பாடுபடும்? அதை எண்ணியே இவ்வாறு எழுதுகிறேன்.

நடைமுறையும் பார்க்க வேண்டும். 2022இல் தொடங்கிய அக்னிவீர் திட்டப்படி சேர்பவருக்கு நான்காண்டுப் பணி. முடிவில் 100க்கு 25 பேர் வரையே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். எஞ்சியவர் ஒரு தொகையோடு வீடு திரும்பி, வேறு பிழைப்புத் தேட வேண்டும். தொழுகைக்கு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். படைப்பிரிவுகளில் மௌலவிகளையும் மார்க்க போதகர்களாக நியமிக்கும் வழக்கம் நம் இராணுவத்தில் உண்டு. அது பற்றி அஞ்ச வேண்டா.

இவற்றையெல்லாம் என்னைவிட நன்கு அறிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறாரே! பதக்கங்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், போரைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று தந்தையாரைப் பற்றி எழுதியுள்ளீர்கள். ஒரு நாள் மஃரிபுக்குப் பின் பேரனை அவரருகே அமர்த்திவிட்டு நீங்கள் எழுந்து வந்துவிடுங்கள். அந்த டப்பாவை அவர் திறக்கட்டும், திறக்காமலும் இருக்கட்டும். அவன் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்பான்.

இன்னொன்றும் உண்டு. 1949 முதல் ஒவ்வோராண்டும் டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. மாவட்ட ஆட்சியர் வாயிலாகத் திரட்டப்படும் அந்த நிதி, போரில் மாண்டவரின் மனைவி மக்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் செல்கிறது. ஆகஸ்டில் கொடி வாங்க வரிசையில் நின்ற தெருக்களில், டிசம்பரில் அந்த உண்டியல் வந்தால் எத்தனை கதவு திறக்கிறது? நம் கதவையும் சேர்த்தே கேட்கிறேன். ரசூலன் பீவியைப் போன்ற ஒரு பெண்ணுக்கு ஒரு மாத மருந்துச் செலவாவது அதில் அடங்கும்.

மடலின் இறுதியில் ஒரு சிறு ஐயம் கேட்டிருந்தீர்கள். விழா முடிந்தபின், வீதியில் கொடிகள் சில வெயிலில் வெளிறியும் காற்றில் சாய்ந்தும் கிடக்க, உங்கள் கொடியை நீங்கள் இறக்கித் துவைத்து, முஸல்லா வைக்கும் பெட்டியிலேயே மடித்து வைத்ததாகவும், அது முறைதானா என்றும் எழுதியுள்ளீர்கள். ஒரு தவறும் இல்லை. காவியும் பச்சையும் வெண்பட்டைக்குக் கீழே போகும்படி மடித்து, பின்பு இரு புறமும் உள்ளே திருப்பினால், நடுச் சக்கரமும் இரு வண்ணங்களின் ஓரமும் மட்டும் மேலே தெரியும். அதுதான் மடிக்கும் முறை. ஓரம் கிழிந்திருந்தால் மறுபடி ஏற்ற வேண்டா. பிறர் காணாதவாறு, மரியாதையோடு, முழுமையாக, கூடுமானவரை எரித்து, அழித்துவிட வேண்டும் என்பது விதி. குப்பையில் போடக் கூடாது.

மகன் என்ன முடிவு செய்தான் என்று எழுதுங்கள். தந்தையாருக்கு என் ஸலாம்.