பெரிய காருக்குச் சின்ன என்ஜின்: லாபம் யாருக்கு?

யானையை வாங்கிவிடலாம்; கட்டித் தீனி போடுவதுதான் கஷ்டம் என்பார்கள். பழைய சொகுசுக் கார் விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை.

மும்பையில் 12, 15 வயதான வெளிநாட்டு சொகுசுக் கார் ஒன்றைப் புதிய சின்னக் காரின் விலைக்கே வாங்கிவிட முடிகிறது. தலைவலி பிறகுதான் ஆரம்பிக்கிறது. எண்ணெய் போட்டு மாளாது. என்ஜின் கெட்டால் உதிரி பாகங்களுக்கே லட்சக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு மெக்கானிக் யோசனை சொல்கிறார்: "இந்த என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, சின்ன டீசல் என்ஜின் ஒன்றை வைத்துவிடுவோம் சேட். வரியும் குறையும், செலவும் குறையும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த யோசனையை இங்குள்ள தமிழர்கள் நன்றாகச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். காரின் முதல் சொந்தக்காரர் யாரோ ஒரு பணக்காரர். அதைச் சம்பளத்துக்கு ஓட்டுபவரும், அடியில் படுத்துப் பழுது பார்ப்பவரும், கடைசியில் சேமநல நிதிப் பணத்தைப் போட்டு அதை வாங்குபவரும் பெரும்பாலும் உழைப்பாளிகளே.

அன்று நடந்தது என்ன?

என்ஜின் மாற்றும் வழக்கம் புதிதல்ல. 1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர் மூண்டது. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிட்டது. பம்பாயில் இம்பாலா, டாட்ஜ், பிளைமவுத் போன்ற அமெரிக்கக் கார்களை வைத்திருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். எட்டு சிலிண்டர் என்ஜின் கொண்ட காரில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 5 கிலோமீட்டர் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம்.

அப்போது கைகொடுத்தது டீசல். சென்னை சிம்சன் ஆலையில் தயாரான பெர்க்கின்ஸ் டீசல் என்ஜினும், பின்னாளில் மட்டடோர் வேனின் என்ஜினும் அந்தப் பெரிய கார்களுக்குள் குடியேறின. ராஜா மாதிரி இருந்த கார், லாரி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. ஆனாலும் ஓடியது. டீசல் அன்று மிகவும் மலிவு. கார் சட்டங்களும் இன்றுபோல் இறுகவில்லை. ஆகவே அன்றைக்கு அது பிழைக்கும் வழியாக இருந்தது.

கம்பெனிக்கே சறுக்கிய கதை

பெரிய உடம்புக்குப் பொருந்தாத என்ஜினை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1985-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி "ஸ்டாண்டர்டு 2000" என்ற சொகுசுக் காரைக் கொண்டுவந்தது. உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் காருடையது. அங்கே எட்டு சிலிண்டர், 3,500 சி.சி. என்ஜினுடன் பறந்த கார் அது. இங்கே அதற்குள் வைக்கப்பட்டதோ பழைய வான்கார்டு காலத்து நான்கு சிலிண்டர், 2,000 சி.சி. என்ஜின். காருக்கு வேகமும் இல்லை. எண்ணெய்ச் சிக்கனமும் இல்லை. 1988-ல் உற்பத்தியே நின்றுவிட்டது. பொறியாளர்களும் ஆலையும் உள்ள கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், தெருவோர ஒர்க்ஷாப்பை என்னவென்று சொல்வது?

பெட்ரோல் காரில் டீசல் என்ஜினை வைத்தால் முன்பாரம் கூடும், ஸ்பிரிங் அமுங்கும். இது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையைக் கொண்டுதான் பவர் பிரேக் வேலை செய்கிறது. டீசல் என்ஜினில் அந்த உறிஞ்சு விசை போதாது. தனியாக ஒரு பம்ப் வைக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க அந்தப் பம்பை விட்டுவிட்டால், மலைச் சரிவில் ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் கல்லாக நிற்கும். இன்றைய கார்களிலோ என்ஜினும் பிரேக்கும் காற்றுப்பையும் கம்ப்யூட்டரால் பிணைக்கப்பட்டவை. ஒன்றைப் பிடுங்கினால் மற்றொன்று படுத்துவிடும்.

வரி குறையுமா?

"வரி குறையும்" என்பது வெறும் பேச்சு. சின்ன என்ஜினுக்கு அரசாங்கம் சலுகை தருவது உண்மைதான். 4 மீட்டர் நீளத்துக்கு மேற்படாத காரில், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள்ளும் இருந்தால் வரி குறைவு என்ற ஏற்பாடு 2006 மத்திய பட்ஜெட்டிலேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். ஆனால் இது புதிய கார் வாங்கும்போது கட்டும் வரி. பிறகு என்ஜினை மாற்றுவதால் கட்டிய வரி திரும்பி வராது. எண்ணெய் மிச்சமும் பழைய மாதிரி இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு என்ஜின் நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே பிடித்துக்கொள்ளும். என்ஜினை மாற்றி எண்ணெய்க் காசை மிச்சம் பிடித்தவர் எப்போதோ வண்டியை விற்றுவிட்டுப் போயிருப்பார். போலீஸ் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைபவர், கடைசியாக வாங்கிய ஏழையும் அதை ஓட்டிய தொழிலாளியும்தான்.

செய்ய வேண்டியது

செலவைக் குறைக்க நினைப்பது குற்றமல்ல. அதற்கு நேர்வழியும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட், பேட்டரி கிட் பொருத்த அதே சட்டம் இடம் தருகிறது. முறைப்படி செய்து ஆர்.சி. புத்தகத்தில் பதிந்தால் போதும். மும்பையின் பழைய பத்மினி டாக்சிகள் கோர்ட்டு உத்தரவுக்குப் பின் கேஸுக்கு மாறி, 2023 அக்டோபர் வரை ஓடி ஓய்ந்ததை ஊரே பார்த்தது.

அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. எந்தக் கிட் அங்கீகாரம் பெற்றது, எங்கே பொருத்தலாம், என்ன கட்டணம் என்பதை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் எளிய மொழியில் எழுதி வைக்க வேண்டும். நேர்வழி கரடுமுரடாக இருந்தால் ஜனங்கள் குறுக்கு வழியைத்தான் தேடுவார்கள்.

பழைய பெரிய காரை வாங்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறந்து, என்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டப் போகும் டிரைவரும் அதையே செய்ய வேண்டும். நம்பர் மாறியிருந்தால், முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். வேலை இன்னொன்று கிடைக்கும். உயிரும் மானமும் அப்படிக் கிடைக்காது.