பச்சைச் சோளக் கதிரும் பறித்த வேளையும்

பச்சை மக்காச்சோளக் கதிரை எவ்வளவு நேரம் வேகவைத்தல் வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் பலர் என்னை வினவுகின்றனர். கதிர் செடியை விட்டு நீங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதே அதற்கு முன் கேட்கத்தக்கது என்பது எனது அபிப்பிராயம். வழியிலே போன இனிப்பை எந்த அடுப்பும் மீட்டுத் தராது.

பறிக்கப்பட்ட பின்னும் மணிகளுக்கு உயிர் உண்டு. அவை சுவாசித்துத் தம் சர்க்கரையிற் சிறிது செலவிடுகின்றன. மிகுதியை மாவுச்சத்தாக மாற்றிக்கொண்டே போகின்றன. சாதாரண இனிப்புச் சோளம் 30 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரே நாளில் தன் சர்க்கரையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். பனிக்கட்டியின் குளிரில் வைத்தாலோ, அதே நேரத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடக் குறையாது. இக்காலத்து மிகை இனிப்பு ரகங்களில் இம்மாறுதல் மெதுவாகவே நிகழ்கிறது என்பது மெய். ஆயினும் சித்திரை வெயிலில் கோணிப்பையுள் அடைபட்ட கதிர் எந்த ரகமாயினும் கெடும். குவியலாய்க் கிடப்பவை தம் மூச்சினாலேயே சூடேறுவன.

நமது பகுதியின் நிலை யாவரும் அறிந்ததே. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமங்களுக்கிடையே இன்று பல்லாயிரம் தொழிலாளர் குடியிருக்கின்றனர். ஷிப்டு முடிந்து வருவோர்க்குத் தள்ளுவண்டிச் சோளம் நல்ல சிற்றுண்டியே. ஆனால் தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளைவது பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் முதலிய தொலை ஜில்லாக்களில். அங்கும் பெரும்பகுதி கோழித்தீவனத்திற்கே போகிறது. தூரத்திலிருந்து லாரியேறி வரும் கதிர் நம் கைக்குக் கிட்டுமுன் ஓர் இரவேனும் கழிந்துவிடும். வண்டிக்காரர்மேல் குற்றமில்லை, கிடைத்ததை அவர் விற்கிறார். வாங்குவோர் வாசலிலேயே இருக்க, கிணறுடைய நமது குடியானவர் இப்பயிரை எண்ணாதிருப்பதே எனக்கு வியப்பு.

வீட்டில் சமைப்போர், உரித்து வைத்த கதிரை வாங்கற்க. மேல்தோகை பசுமையாகவும் ஈரமாகவும், நுனியிலுள்ள பட்டிழை பழுப்பாகவும் இருத்தல் நன்று. ஒரு மணியை நகத்தால் கீறினால் பால் கசிய வேண்டும். தெளிந்த நீர் வந்தால் பிஞ்சு. மாவுபோல் இருப்பின் முற்றியது. முற்றியதை வேகவைத்து வருந்துவதினும், துருவி அரிசி மாவுடன் சேர்த்து அடை வார்ப்பது மேல். ஜலம் நன்கு கொதித்த பின்னரே கதிரை இடுக. இனிப்புச் சோளத்திற்கு ஐந்து முதல் ஏழு நிமிஷம் போதும். பால்பருவத்தில் ஒடித்த தானிய ரகத்திற்குக் கால் மணிக்குக் குறையாது வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சம்பழச் சாறும் வெந்த பிறகு தடவிக்கொள்வதே என் விருப்பம். அவரவர் நாவுக்கு அளவாகும். அன்றே சமைக்க இயலாவிடில், தோகையோடு குளிர்ப்பெட்டியில் வைக்க.

பயிரிட விரும்புவோர் முழு வயலையும் ஒரே நாளில் விதைக்கலாகாது. பத்துச் சென்ட் வீதம் பத்து நாளைக்கு ஒருமுறை விதைத்தால் கதிர் தொடர்ந்து கிடைக்கும். பட்டிழை தோன்றிய இருபதாம் நாளையொட்டி, விடியற்காலைக் குளிரில் ஒடித்து, அன்று மாலைக்குள் விற்றுவிடுக. அருகே தானியச் சோளம் பூத்திருப்பின் அதன் மகரந்தம் விழுந்து இனிப்பு மணிகளும் மாவாகும். ஆதலின் பக்கத்து நிலத்தாரோடு கலந்து விதைப்பு நாளைத் தள்ளிவைத்தல் அவசியம்.

2018-ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு இன்று பெருந்தொல்லை. இளம்பயிரின் குருத்தை அடிக்கடி விரித்துப் பார்த்துத் தொடக்கத்திலேயே அழித்தல் வேண்டும். மறுநாள் மனிதர் கடித்துண்ணப் போகும் கதிர்மீது மருந்து தெளித்தல் அடாத செயல்.

கதிர் ஒடித்த பின்னும் தட்டை பச்சையாகவே நிற்கும். வெட்டி நறுக்கிக் கறவை மாட்டுக்கு இடலாம். மருந்து தெளித்த வயலாயின், குறித்த நாட்கள் கழியும்வரை மாட்டுக்கும் அது ஆகாது.