களஞ்சியசாலைகள் எங்கே, யாருக்காக?

களஞ்சியசாலை என்றதும் தகரக் கூரையும் இருண்ட உட்புறமும் அடுக்கிய மூட்டைகளும் நினைவுக்கு வந்த காலம் மாறிவருகின்றது. இன்று உலகெங்கும் அமைக்கப்படும் வர்த்தகக் களஞ்சியங்கள் நிலப்பரப்பைவிட உயரத்தையே பெரிதும் நாடுகின்றன. பத்து, பன்னிரண்டு மீற்றர் உயரத்துக்கு எழும் இரும்புத் தட்டுகள், பாரந்தூக்கிகள் ஓடுவதற்கான பிசகற்ற சமதளத் தரை, லொறியின் தளத்தோடு ஒரே மட்டத்தில் அமைந்த ஏற்றியிறக்கும் மேடை, கூரையின் மீது சூரிய மின்கலங்கள், பொருளுக்கேற்ப வெப்பநிலை பேணப்படும் தனித்தனி அறைகள் என்பன அவற்றின் அடையாளங்களாகிவிட்டன. பொருளைப் பத்திரப்படுத்தும் இடமாக இருந்த களஞ்சியம், பொருளை விரைவாக நகர்த்தும் இடமாக மாறியிருப்பதே இந்த மாற்றத்தின் சாராம்சமாகும்.

இம்மாற்றம் எமது நாட்டையும் எட்டியுள்ளது. கொழும்புத் துறைமுகத்தில் ஏறத்தாழ 39 கோடி அமெரிக்க டொலர் முதலீட்டில் பல மாடிகளைக் கொண்ட பாரிய களஞ்சிய வளாகம் ஒன்றை அமைப்பதற்கான உடன்படிக்கை, சீன மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்தின் தலைமையிலான கூட்டு முயற்சியாக 2023ஆம் ஆண்டு கைச்சாத்திடப்பட்டது. கப்பற்போக்குவரத்தின் கேந்திர நிலையத்தில் இருக்கும் ஒரு நாடு இத்தகைய வசதிகளைப் பெற முயல்வதில் தவறில்லை. ஆனால், இறக்குமதிப் பொருளுக்கும் மறு ஏற்றுமதிப் பொருளுக்கும் கிடைக்கின்ற கவனம், இந்த மண்ணில் விளைகின்ற பொருளுக்கும் கிடைக்கின்றதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினாவாகும்.

பெரும்போக அறுவடைக் காலத்தில் சம்மாந்துறையிலும் படுவான்கரையிலும் கிண்ணியாவிலும் முருங்கனிலும் கிளிநொச்சியிலும் நெல் எங்கே காய்கின்றது என்பதை வாசகர்கள் நன்கறிவர். தெருவோரங்களே எமது விவசாயிகளின் உலர்தளங்கள். இயந்திரத்தால் அறுவடை செய்யப்படும் நெல் இருபது வீதத்துக்கும் மேற்பட்ட ஈரப்பதனுடன் வயலை விட்டு வெளியேறுவதுண்டு. நெல் சந்தைப்படுத்தும் சபையோ உத்தரவாத விலைக்கு 14 வீத ஈரப்பதனையே எதிர்பார்க்கின்றது. உலர்த்த இடமில்லை, வைத்திருக்கக் கூரையில்லை, கடன்காரர் வாசலில் நிற்கின்றார் என்ற நிலையில், வயல் வரம்பிலேயே வந்து நிற்கும் வியாபாரி சொல்லும் விலையே விலையாகிவிடுகின்றது. 2025ஆம் ஆண்டு நாட்டரிசி நெல் கிலோ ஒன்றுக்கு 120 ரூபா என்ற உத்தரவாத விலை பெப்ரவரி மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. கிழக்கில் அதற்கு முன்னரே அறுவடை தொடங்கியிருந்தது. களஞ்சியமும் உலர்த்தியும் இருந்தவருக்கு அந்த அறிவிப்பு நன்மையாயிற்று. இல்லாதவருக்கு அது காலங்கடந்த செய்தியாயிற்று.

கட்டடம் இல்லாமையே இதற்குக் காரணம் என்று கூறிவிடவும் முடியாது. 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மத்தள சர்வதேச விமான நிலையத்தின் சரக்குக் கட்டடம், விமானங்கள் வராத நிலையில், 2015ஆம் ஆண்டு நெல்லைச் சேமிப்பதற்கு வழங்கப்பட்டமையை நாடு மறந்திருக்க முடியாது. தேவையில்லாத இடத்தில் பெருங்கட்டடமும், தேவையுள்ள இடத்தில் வெட்டவெளியுமாக இருப்பது திட்டமிடலின் தோல்வியன்றி வேறில்லை. யுத்தத்தில் சேதமடைந்த களஞ்சியங்களைக் கொண்ட வடக்கு, கிழக்கில் இக்குறை மேலும் கூர்மையாகவே உணரப்படுகின்றது.

தானியக் களஞ்சியத்தின் வடிவமைப்பு வர்த்தகக் களஞ்சியத்தினதைப் போன்றதன்று. நெல் மூச்சுவிடும் பொருள். ஈரம் மிகுந்தால் குவியலுக்குள் வெப்பம் ஏறி, பூஞ்சணமும் வண்டும் பெருகும். எனவே தரை நிலமட்டத்திலிருந்து உயர்ந்திருக்க வேண்டும்; நிலத்தின் ஈரம் மேலேறாத தடுப்பு வேண்டும்; காற்றோட்டத் துவாரங்கள் வேண்டும்; புகையூட்டிப் பூச்சிகளை அழிக்கும்போது அவற்றை இறுக மூடவும் முடிய வேண்டும். எமது முன்னோர் கொம்பறையை நிலத்திலிருந்து உயர்த்தி அமைத்ததும் இந்த அறிவினாலேயாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் நாட்டை உலுக்கிய பின்னர், உயர்ந்த அத்திவாரம் என்பது ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவையென்பதை எவரும் மறுக்கப் போவதில்லை.

நம்பிக்கை தரும் முயற்சிகள் இல்லாமலில்லை. இந்திய உதவியுடன் தம்புள்ளையில் அமைக்கப்பட்ட, வெப்பநிலையும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்படும் 5,000 மெட்ரிக் தொன் கொள்ளளவுடைய விவசாயக் களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. மரக்கறியும் வெங்காயமும் விலை வீழ்ச்சியடையும் நாட்களில் அழுகிப்போவதைத் தடுக்க இது உதவும். ஆயினும் யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளர் தம்புள்ளை வரை சென்று திரும்பும் போக்குவரத்துச் செலவு, அவரது இலாபத்தையே விழுங்கிவிடக் கூடும். பெரிய களஞ்சியம் ஒன்றைவிட, விளைநிலத்துக்கு அருகில் உலர்த்தியுடன் கூடிய சிறிய களஞ்சியங்கள் பல அமைவதே எமது பிரதேசங்களுக்குப் பொருந்தும்.

அவை யாருடைய கையில் இருக்கின்றன என்பதும் முக்கியமானது. களஞ்சியத்தில் வைத்த நெல்லுக்கு வழங்கப்படும் பற்றுச்சீட்டை ஈடாக ஏற்று வங்கி கடன் வழங்குமாயின், விவசாயி அறுவடைக் காலத்திலேயே அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. விலை ஏறும் வரை காத்திருக்கும் வல்லமை இன்று ஆலை உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. அதனை விவசாயிக்கும் வழங்குவதே இதன் பயன். கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இவற்றை நிர்வகிக்கலாம். வயலில் அருகருகே பாடுபடும் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் ஒரே கூரையின் கீழ் தமது விளைச்சலைச் சேமித்து ஒன்றாக விலை பேசுவார்களாயின், அது இரு சமூகத்தினருக்கும் பலமாக அமையும்.

துறைமுகத்தில் மாடிக் களஞ்சியங்கள் எழட்டும். அதேவேளை, அடுத்த பெரும்போகத்துக்கு முன்னதாக, எந்தப் பிரதேசத்தில் எத்தனை தொன் நெல் உலர்த்தியும் கூரையும் இன்றி இருக்கின்றது என்பதைக் கணக்கிட்டு, அங்கே களஞ்சியங்களை அமைக்கும் பணியை அரசாங்கமும் மாகாண நிர்வாகங்களும் தொடங்க வேண்டும். தெருவில் காயும் நெல்லின் மீது விழும் ஒவ்வொரு மழைத்துளியும் விவசாயியின் கடன் சுமையைக் கூட்டுகின்றது என்பதை ஆட்சியாளர் உணர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.